மேற்கோள் குறிப்பும் களத்தூர் மரபும்

செங்கற்பட்டை அடுத்த பொன்விளைந்த களத்தூரில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, கட்டுச்சோற்றை நாய் கவ்விச் சென்ற கதையை நாய், சோறு, பசி என்னும் சொற்களில் ஒன்றையும் ஆளாமலே சொல்லிவிடுகிறது. வயிரவனின் வாகனம் நாய் என்றும், நான்முகனின் வாகனமாகிய அன்னமே சோற்றுக்கும் பெயர் என்றும், ஆட்டை வாகனமாகக் கொண்ட அக்கினியே வயிற்றில் பற்றிய பசித்தீ என்றும் புராண அறிவைத் துணைகொண்டு அவிழ்க்க வேண்டிய அப்பாட்டு, குறுக்கெழுத்துக்காரர் மறைகுறிப்பு என வழங்குவதன் முழுமையான தமிழ் வடிவமாகும்.

1913இல் ஆர்தர் வின் நியூயார்க்கில் வெளியிட்ட கட்டப் புதிரிலிருந்து வளர்ந்த குறுக்கெழுத்துக் கலையில் நேர்ப்பொருள் குறிப்பு, மறைகுறிப்பு, செய்யுளடியிலோ உரைநடைத் தொடரிலோ ஒரு சொல்லை மறைத்துக் கேட்கும் மேற்கோள் குறிப்பு என மூன்று நெறிகள் உள்ளன. மறைகுறிப்புக்குத் தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகள் முன்னோடிகள்: ஒரு சொல்லின் பகுதிகளுக்குத் தனித்தனி வினா எழுப்பி முடிவில் முழுச்சொல்லைப் பெறுவது வினாவுத்தரம்; எழுத்துகளை நீக்க நீக்க வேறு பொருள் பிறப்பது அக்கரச்சுதகம்.

மேற்கோள் குறிப்பு வெறும் மனப்பாடச் சோதனை என்னும் குறை உரைநடை மேற்கோளுக்குப் பொருந்துமேயன்றித் தமிழ்ச் செய்யுளுக்குப் பொருந்தாது. அடிகளின் முதற்சீர்களில் முதலெழுத்து குறில் நெடில் அளவில் ஒத்திருக்க இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகையாதலால், மறைக்கப்பட்ட சொல் அடியின் தலையில் நிற்குமானால், பாட்டை அறியாதவரும் அதன் இரண்டாம் எழுத்தை அடுத்த அடியிலிருந்து பெறலாம். வெண்பாவாயின் தளையும் சேர்ந்து, பொருந்தாத சொற்களை விலக்கிவிடும். மனப்பாடமன்றி யாப்பைக் கொண்டு விடை காணும் இந்த இரண்டாம் வழி திறந்திருப்பதே நல்ல மேற்கோள் குறிப்பின் இலக்கணம். ஆகவே எதுகையோ மோனையோ தொடாத சீரை மறைத்துக் கேட்பது, எத்துணைப் புகழ்பெற்ற பாட்டிலிருந்து எடுத்ததாயினும், தாழ்ந்த குறிப்பே.

புணர்ச்சியும் பாடபேதமும் அமைப்பவர் கவனிக்க வேண்டியவை. 'பொற்குடம்' என நிற்கும் இடத்தில் 'பொன்' விடையாயின் கட்டத்தில் வர வேண்டியது றகர ஒற்றா, னகர ஒற்றா என்பதைக் குறிப்பே உணர்த்த வேண்டும். ஏடுகளுக்கிடையே பாடம் வேறுபடும் சொல்லாயின், குறுக்கே செல்லும் விடையின் எழுத்து இரு பாடங்களில் ஒன்றை மட்டுமே ஏற்கும்படி கட்டம் அமைய வேண்டும்.