முகத்தை விட்டு சக்கரத்தைப் பாருங்கள்

பழைய போர்ப்படத்தில் நம் கண் முதலில் முகத்துக்குப் போகிறது, பிறகு கீழே அச்சிட்ட விளக்கத்துக்கு. இரண்டையும் சற்று ஒதுக்கிவிட்டுத் தளவாடத்திலிருந்து தொடங்குவதுதான் நல்ல ரசனை என்பேன். களைத்த முகம் எந்தப் போரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விளக்கம் எழுதியவர் பல நேரம் களத்தையே பார்த்திராதவர். பொருளுக்கு மட்டும் பிறந்த வருடம் உண்டு. ஆவடிக்காரர்களுக்குப் பழகிய விஜயந்தாவையே எடுத்துக்கொள்வோம். விக்கர்ஸ் வடிவமைப்பிலான அந்த டேங்க், ஆவடியிலுள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இல்தான் முதன்முதலாக உருவானது, அதுவும் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களால். அந்த ஆண்டு செப்டம்பரில் பஞ்சாப் எல்லையில், கேம்கரண் பக்கம், பாகிஸ்தானுடன் சண்டையிட்ட நம் டேங்குகள் செஞ்சூரியனும் ஷெர்மனும் ஏஎம்எக்ஸ்-13உம். விஜயந்தா போர் கண்டது 1971இல். ஆக, '1965, கேம்கரண்' என்ற படத்தில் விஜயந்தா நின்றால் விளக்கம் பொய். பக்கத்துக்கு ஆறு சக்கரம் விஜயந்தா, செஞ்சூரியன் இரண்டுக்கும் பொதுதான்; ஆனால் செஞ்சூரியனின் சக்கரங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்கும், ஜோடிகளுக்கு நடுவே இடைவெளி தெரியும்.

இதைவிட ருசியானது 1971 போரின் டி-55 டேங்க். பாகிஸ்தானிடமிருந்த சீன டைப் 59 ஏறக்குறைய அதன் அச்சு. தன் வண்டியைத் தானே சுட்டுவிடாமலிருக்க, இந்தியப் படை டி-55இன் குழல் நடுவே ஒரு போலிப் புடைப்பை மாட்டியது. புகை உறிஞ்சும் அசல் புடைப்பு குழலின் நுனியில் இருக்கும். எனவே படத்தில் இரண்டும் தெரிந்தால் அது போர்க்காலக் குழல். நடுவில் ஒன்று மட்டும் என்றால், பெரும்பாலும் பின்னாளில் மாற்றிய 105 மி.மீ. குழல். வேலையே இல்லாத ஒரு தகரக்கூடு இவ்வளவு பேசுகிறது!

பழைய பொருள் பல காலம் புழக்கத்தில் இருக்குமே, அதை வைத்து எப்படிக் காலம் கணிப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. .303 துப்பாக்கி ராணுவத்தை விட்டுப் போன பிறகும் காவலர் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கியது. தளவாடம் 'இதற்கு முன் இல்லை' என்று அடித்துச் சொல்லும். 'இதற்குப் பின் இல்லை' என்று சொல்லாது. பல படங்கள் ஏற்பாடு செய்து எடுத்தவை என்பதும் உண்மை. ஆனால் வீரத்தை நடிக்கவைக்கலாம், இன்னும் செய்யப்படாத ஆயுதத்தைக் கையில் கொடுக்க முடியாது. அச்சிட்டவரின் தவறையும் பொருளே காட்டிக்கொடுக்கும்: .303இன் குதிரைக்கு மேலுள்ள போல்ட் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும்; படத்தில் இடப்பக்கம் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள்.

இன்னொரு குற்றச்சாட்டு கனமானது: மனிதனை விட்டுவிட்டு இரும்பை ரசிப்பது வக்கிரம் அல்லவா? சீனாவுடனான 1962 போரின் இமயமலைப் படங்களை இதே கண்ணோடு பாருங்கள். நம் சிப்பாய்களிடம் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ளவேண்டிய .303, இரண்டாம் உலகப்போர்க் காலத்து இடுப்புவார், அந்த உயரத்துக்குப் போதாத உடை. எதிரே சீனரிடம் விசையை அழுத்த அழுத்தச் சுடும் துப்பாக்கி. அந்தச் சிப்பாய்களை அனுப்பியவர்களின் அலட்சியத்தை இந்தப் படங்களின் எந்த முகத்தையும் விட அந்த மெல்லிய உடை தெளிவாகக் காட்டுகிறது.