தொலைக்காட்சியும் கேட்கும் பொறுமையும்

தொலைக்காட்சியைக் கண்டிக்கும் அருளுரைகளுக்கு நம்மிடையே குறைவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை நிகழ்ச்சிகளின் ஒழுக்கக்கேட்டையே சாடுகின்றன. நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த நீல் போஸ்ட்மன் 1985-இல் வெளியிட்ட 'அம்யூசிங் அவர்செல்வ்ஸ் டு டெத்' என்னும் நூல் இதனினும் ஆழமாகச் செல்கிறது. தொலைக்காட்சி கேளிக்கையைக் காட்டுவது குற்றமன்று. செய்தி, அரசியல், கல்வி, சமயம் ஆகிய யாவற்றையும் கேளிக்கையாக்கிவிடுவதே கேடு என்பது அவர்தம் வாதம். விபத்துச் செய்தியை அடுத்த நொடியே விளம்பரம் துடைத்துவிடுகிறது; துயருறுவதற்கு இடைவெளியில்லை. இதனை நாம் மறுப்பதற்கில்லை.

ஆயினும், நெடுநேரம் கூர்ந்து கேட்கும் ஆற்றலை அச்சுப் பண்பாட்டின் கொடையாக அவர் கருதுவது ஆராயத்தக்கது. 1858-இல் லிங்கனும் டக்ளசும் மணிக்கணக்கில் வாதிட்டதை மக்கள் பொறுமையுடன் கேட்டதை அவர் சான்று காட்டுகிறார். நம் சிற்றூர்களிலோ, எழுத்தறியாத உழவரே தெருக்கூத்தை விடியும்வரை அமர்ந்து கண்டனர். நள்ளிரவில் கண்ணயர்ந்தவரும் விழித்தெழுந்து கதையோடு சேர்ந்துகொண்டனர். அவர்களுக்குப் பொறுமையை அளித்தது நூலன்று. துண்டாடப்படாத ஒரே கதையும், அதனைச் சேர்ந்து கேட்ட ஊரும் ஆகும்.

அப்படியாயின், கலைந்துபோன கூட்டத்திற்காக ஏங்குவதே நம் கடனோ? அதுவும் அன்று. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கிற்று. அக்காலத்தில் பெட்டியுள்ள வீடுகள் சில. 'ஒளியும் ஒலியும்' காணவும், ஞாயிறு மாலைத் திரைப்படம் காணவும் அண்டை வீட்டார் அங்கே திரண்டனர். நாற்காலியில் அமர்ந்தவர் யார்? தரையில் அமர்ந்தவர் யார்? சாதியின் பொருட்டுச் சன்னலுக்கு வெளியே நின்றவர் யார்? 2006-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப்பின் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியபோது, வீண்செலவென இகழ்ந்தோர் பலர். ஆனால், பிறர் வாசலில் நிற்கும் சிறுமை ஏழைக்கு அதனால் நீங்கியது. அத்துடன் ஊர் கூடும் வழக்கமும் தளர்ந்தது. நீங்கியதையும் தளர்ந்ததையும் ஒருங்கே எண்ணுவதே நேர்மை.

இன்று ஒரே வீட்டில் ஆளுக்கொரு திரை வந்துவிட்டது. இதனால் பெரிதும் இழப்போர், தம் துயரைச் சுருக்கமாகச் சொல்லத் தெரியாதவர்களே: முதியோர், நோயுற்றோர், கணவனை இழந்தோர். துயரம் சொன்னதையே மீண்டும் சொல்லும், நடுவில் அழும், முடிவின்றி நிற்கும். துண்டுக் காட்சிகளுக்குப் பழகிய செவி அதனைத் தாங்குவதில்லை. அருளுரையைத் துணுக்குகளால் நிரப்பி மக்களைக் கவர முயலும் திருப்பணியாளரும் இப்பழக்கத்தையே வளர்க்கின்றனர்.

வீடு சந்திக்கச் செல்லும் ஆயர் பெட்டியை அணைக்கச் சொல்வது எளிது. அணைத்தபின், அவ்வீட்டு மூதாட்டி பேசி முடிக்குமளவும் கடிகாரத்தை நோக்காமல் அமர்ந்திருப்பதே அரிது. அதனைச் செய்யாதவருக்குத் தொலைக்காட்சியைக் கண்டிக்கும் உரிமை உண்டோ என்பதை நம்மில் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நலம்.