வசந்தமும் வஸ்திரமும்

மாசிக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாதர் பத்திரிகை வந்தது. 'இந்த வசந்தத்தில் பெண்கள் விரும்பும் உடைகள்' என்று வழவழப்பான காகிதத்தில் எட்டுப் பக்கம். பூப்போட்ட துணி, வெளிர் நிறம், லினன், தொளதொளவென்று ஓர் ஆண்பிள்ளைச் சட்டை. இவைதாம் இந்த வருஷத்து வசந்தம் என்று தீர்ப்பு எழுதியிருந்தார்கள். என் மனைவி அதைப் படித்து முடித்து என் மேஜையில் வைத்துவிட்டு, "நாவலுக்கெல்லாம் விமர்சனம் எழுதுகிறீர்களே, இதற்கு ஒன்று எழுதுங்களேன்" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். எனக்கென்னவோ நியாயமான யோசனையாகப் பட்டது. நாவலைப் படிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருந்தால், உடையைப் படிக்கிறவர்கள் ஊர் முழுவதும் இருக்கிறார்கள் அல்லவா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் உடுத்துவதைப் பரிகாசம் செய்து பிழைக்கிற எழுத்தாளர் கூட்டத்தில் நான் இல்லை. குடுமியை எடுத்தோம், வேஷ்டியை விட்டுக் கால்சட்டைக்கு மாறினோம், கால்சட்டையின் அடிப்பாகத்தை யானைக் காதுபோல் அகலமாக்கிப் பிறகு குறுக்கினோம். நம்மை யாரும் கேட்கவில்லை. ஆனால் தாவணி போய்ச் சூடிதார் வந்தபோது நாகரிகமே குடிமுழுகிப் போனதாக எழுதினோம். 1985இல் 'பூவே பூச்சூடவா' வந்த பிறகு, பெண்கள் நதியா வளையல், நதியா கம்மல் என்று கடை கடையாய் ஏறி இறங்கினார்கள். சிரித்தவர்கள் நாம். அந்தப் பெண்களுக்கு அதில் கிடைத்த சந்தோஷம் உண்மையானது. ஆகவே அலங்காரத்தின் மேல் எனக்குப் புகார் கிடையாது. என் புகார் அந்த 'வசந்தம்' என்ற சொல்லின் மேல்தான்.

பத்திரிகையைப் பையில் போட்டுக்கொண்டு பங்குனி மாதம் குரங்கணிக்குப் போனேன். மீட்டர் பாதையாக இருந்து 2010இல் நின்றுபோய், 2023இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்த போடி ரயிலில் இறங்கி, மேற்கே சுமார் 16 கிலோமீட்டர் போனால் மலையடிவாரத்தில் அந்தச் சிற்றூர். வழியெல்லாம் மாந்தோப்பும் இலவமரமும். இலவங்காய் வெடிக்கிற காலம் அது. இலையில்லாத கிளைகளிலிருந்து பஞ்சு பிரிந்து காற்றில் மிதந்து வந்து, தோளிலும் தலையிலும் உட்கார்ந்தது. மேலே மலைச்சரிவில் புல் காய்ந்து பொன்னிறமாகக் கிடந்தது. இதுதான் இங்கே வசந்தம்.

வசந்தத்துக்கென்று தனி உடை என்பது குளிர் நாட்டுக்காரர்களின் தேவையிலிருந்து பிறந்தது. ஐந்து மாதம் கம்பளிக்குள் ஒடுங்கிக் கிடந்தவள், பனி உருகியதும் மெல்லிய துணிக்கு மாறுகிறாள். உடனே பூப்போட்ட துணியைத் தேடுகிறாள். 1858இல் பாரிஸ் நகரத்தில் கடை திறந்த சார்லஸ் வொர்த் என்ற ஆங்கிலேயத் தையற்காரரின் வழியில், பருவத்துக்குப் பருவம் புது உடையைக் காட்டி விற்பது பெரிய வியாபாரமாயிற்று. நமக்கோ இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். கழற்றிப் போடுவதற்கு நம்மிடம் கம்பளி ஏது?

இந்த ஊருக்கும் அந்தச் சீமைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷன் உச்சியிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி இந்த அடிவாரத்துக்கு இறங்கிற்று. இங்கிருந்து வண்டியேறிப் போடி சென்று, கடைசியில் கப்பலேறிற்று. தேயிலை கீழே இறங்கிப் போயிற்று. வசந்தம் என்கிற சொல் பத்திரிகை வழியாக மேலே ஏறி வந்திருக்கிறது.

குரங்கணியில் ஒரு டீக்கடை. அதை நடத்துகிற அம்மாள் 20 வருஷம் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். அவருடைய மகள் போடியில் கல்லூரியில் படிக்கிறாள். நான் யார் என்று அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாள். என்னுடைய நாவல் ஒன்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாளாம். எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. அம்மாள் டீயை ஆற்றியபடியே கேட்டார்:

"தம்பி, அந்தக் கதையில வர்ற பொம்பளை தோட்டத்துக்குப் போறாளா, கல்யாண வீட்டுக்குப் போறாளா?"

"தோட்டத்துக்குத்தான், அக்கா."

"அப்புறம் முந்தானை காத்துல பறக்குதுன்னு எழுதியிருக்கீங்க? ஏலச்செடியில சரம் தரையோட தரையாக் கிடக்கும். முந்தானை மாட்டி ஒடிஞ்சா கங்காணிக்கு யாரு பதில் சொல்றது?"

பிறகு அவரே விவரமாகச் சொன்னார். சேலையைத் தூக்கிச் செருகி, அதன்மேல் வீட்டுக்காரருடைய முழுக்கைச் சட்டை. இடுப்பில் சாக்கு. தலையில் துண்டு. சட்டை எதற்கு? வெயிலுக்கு, முள்ளுக்கு, மழைக்காலத்து அட்டைக்கு. "முக்கியமா, சட்டையில பை இருக்குல்ல? வெத்தலை, போனு, சம்பளக் காசு, அம்புட்டும் அதுக்குள்ளதான். சேலையில எங்க வைக்கிறது?" என்றார்.

என் பையிலிருந்த பத்திரிகையை எடுத்துத் தொளதொளச் சட்டைக்காரியின் படத்தைக் காட்டினேன். தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எங்க அம்மா போடுறது!" என்றாள் மகள். அந்தப் படத்துக்குக் கீழே 'புதுமை' என்று போட்டிருந்தது. தமிழ்நாட்டு வயலிலும் தோட்டத்திலும் லட்சக்கணக்கான பெண்கள் சேலைமேல் அணிந்துவரும் சட்டை, பட்டணத்தில் விலைச்சீட்டு ஒட்டிய பிறகுதான் புதுமையாகிறது போலும். விமர்சகனாக இது அந்தப் பக்கத்தின் மேல் என் முதல் குற்றச்சாட்டு. ஆனால் அதே குற்றத்தை, 'முந்தானை காற்றில் பறந்தது' என்று எழுதிய நானும் செய்திருக்கிறேனே! நானும் பெண்ணைப் பார்க்கவில்லை; படத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

சரி, கைத்தறி நூல் புடவையைப் பற்றியாவது அந்த அம்மாளிடம் நல்ல வார்த்தை கிடைக்கும் என்று நினைத்தேன். ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியில் நெய்யும் பருத்திச் சேலை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மதுரையில் சௌராஷ்டிர மக்கள் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துச் செய்யும் சுங்குடி, 2005இல் புவிசார் குறியீடே பெற்றது. வெயில் காலத்துக்கு அதைவிட இதமான உடை உண்டா என்று பிரசங்கம் செய்தேன்.

"நல்லாத்தான் இருக்கும், தம்பி. துவைச்சாக் காயணும்ல? மழை மாசத்துல மலையில ரெண்டு நாளாகும். இந்தச் சேலைய உதறிப் போட்டா ஒரு மணி நேரம். கஞ்சி போடவும் தேய்க்கவும் யாருக்கு நேரம்?" என்றார்.

என் பிரசங்கம் அதோடு முடிந்தது. பருத்தியைப் போற்றி எழுதுகிற நம்மில் எத்தனை பேர் அதைத் துவைக்கிறோம்? கஞ்சி போடுகிற கை எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை. செயற்கை இழை பெண்களை வென்றது அழகினால் அல்ல, வேலையைக் குறைத்ததால்தான்.

ஆனாலும் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. நைலான் புடவை வந்த காலத்தில், அடுப்படிக்குப் போகிற மருமகளை, "அதை மாற்றிவிட்டு நூல் புடவை கட்டிக்கொண்டு போ" என்று மாமியார்கள் சொல்வார்கள். அது அதிகாரம் அல்ல, அறிவு. நெருப்புப் பட்டால் பருத்தி எரியும். செயற்கை இழையோ உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். டீக்கடை வாசலில் நின்று அந்தக் காய்ந்த புல்லைப் பார்த்தபோது எனக்கு அந்த நினைவு வந்தது. 2018 மார்ச் 11ஆம் தேதி இதே சரிவில்தான் காட்டுத் தீ, மலையேற வந்தவர்களைச் சூழ்ந்தது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பலர் இளம் பெண்கள். அவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று ஆராய்வது அபசாரம். அந்தத் தீ எந்த உடையையும் பார்த்து விலகியிராது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மாளே மெதுவாகச் சொன்னார்: "மாசி பங்குனியில நாங்களே பார்த்துப் பார்த்துத்தான் ஏறுவோம், தம்பி. மலைக்குப் புதுசா வந்த புள்ளைகளுக்கு என்ன தெரியும்?" அதே வருஷம் மழைக்குப் பிறகு, 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி, மேலே மூணாற்று மலைகளில் நீலமாகப் பூத்தது.

இந்த நாட்டில் மார்ச் மாதத்தை வசந்தம் என்று அச்சிடுகிறவர்கள் அந்தப் புல்லை ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால், எட்டுப் பக்கத்தில் வெயில் என்ற சொல் ஓரிடத்திலாவது வந்திருக்கும்.

இனி என் விருப்பங்களைச் சொல்லாவிட்டால் என் மனைவி விடமாட்டாள். முதலிடம், பை வைத்த உடைக்கு. பெண்ணின் பணம் பெண்ணின் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். இரண்டாவது, கையால் முடிச்சிட்ட சுங்குடி. புள்ளி ஒன்றுபோல் ஒன்று இராது. அதுவே அதன் லட்சணம். மெழுகில் அச்சடித்த போலியில் எல்லாம் ஒரே அளவு. ஆனால் ஒரு நிபந்தனை: அதைத் துவைக்கிற முறை வீட்டு ஆண்பிள்ளைகளுக்கும் வரவேண்டும். மூன்றாவது, வேலைக்கார அம்மாளின் முழுக்கைச் சட்டை. பத்திரிகைப் படத்தில் உள்ளது அல்ல, டீக்கடை ஆணியில் தொங்கியது. பூப்போட்ட துணியைப் பற்றி எனக்கு விரோதமில்லை. பிடித்தவர்கள் உடுத்தட்டும்.

திரும்பும்போது என் சட்டையில் இலவம்பஞ்சு ஒட்டியிருந்தது. பார்க்கப் பட்டுப்போல் மின்னும் அந்தப் பஞ்சு வழுவழுப்பானது, இழை குட்டையானது. தனியே நூலாகத் திரிய வராது. மெத்தைக்கும் தலையணைக்கும் ஆகுமே ஒழியச் சேலைக்கு ஆகாது. கனிக்காகக் காத்த கிளியின் கதை நமக்குத் தெரியும். துணிக்காகக் காத்திருந்தாலும் அதே கதைதான்.

என் நாவலின் அடுத்த பதிப்புக்குப் பிழை திருத்தம் கேட்டுப் பதிப்பாளர் எழுதியிருந்தார். அச்சுப் பிழைகளோடு ஒரு வாக்கியத்தையும் அடித்து அனுப்பினேன். 'முந்தானை காற்றில் பறந்தது' என்ற இடத்தில் இப்போது, 'புருஷனுடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, பையில் வெற்றிலை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்' என்று இருக்கும். டீக்கடை அம்மாளுக்கு ஒரு பிரதி அனுப்பிவைக்க வேண்டும். அவர் என்ன சொல்கிறாரோ, பார்க்கலாம்.