டிக்… டிக்… மழை

தானியங்கி வானிலை நிலையத்தில் எனக்கு மிகவும் பிடித்தது மழைமானிதான். புனலுக்கு அடியில், சீசா பலகைபோல இரண்டு சின்னக் கிண்ணங்கள். ஒன்று நிறைந்ததும் 'டிக்' என்று சாய்ந்து நீரைக் கொட்டும். உடனே மற்றது மேலே வந்து ஏந்திக்கொள்ளும். ஒரு சாய்வுக்கு அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ மழை. தூறலென்றால் நிதானமாக, அடைமழையென்றால் படபடவென்று அந்தச் சத்தம்.

பக்கத்திலேயே வெள்ளைத் தட்டுகளின் அடுக்குக்குள் வெப்ப உணரி வெயில் படாமல் காற்று வாங்குகிறது. சூரியத் தகடு பேட்டரிக்கு ஊட்டிவிட, இந்திய வானிலைத் துறையின் இத்தகைய நிலையங்கள் இன்சாட் செயற்கைக்கோள் வழியே குறித்த நேரத்தில் புனேவுக்குக் கணக்கு அனுப்பிவந்திருக்கின்றன. இத்தனை பொறுமைக்கும் எதிரி, புனலை அடைக்கும் ஒரு சருகுதான். அக்கம்பக்கத்து மரக்கிளை அதன்மேல் கவியாமல் ஊரார் பார்த்துக்கொண்டாலே போதும்.