குணமும் குற்றமும்: யாழ்ப்பாணத்துப் படைப்புகளிற் பாத்திர வார்ப்புக் குறித்துச் சில சிந்தனைகள்

ஒருவரின் குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, அவற்றுள் மிகுந்ததைக் கொண்டு அவரை மதிப்பிடவேண்டும் என்பது திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரம் கூறும் விதி. அது பொருட்பாலில், வினைக்குரியோரைத் தேர்ந்தெடுக்கும் அரசனுக்கு வகுக்கப்பட்டதாகும். எமது விமர்சகர் சிலர் ஆட்தெரிவுக்குரிய இவ்விதியையே பாத்திர வார்ப்புக்கும் அளவுகோலாகக் கொண்டுவிட்டனர். நாயகனுக்கு இரண்டொரு குறையும் எதிரிக்கு ஒரு நற்பண்பும் சேர்த்துவிட்டால் பாத்திரங்கள் உயிர்பெற்றுவிடும் என்பது அவர்களது எண்ணம். இவ்வெண்ணம் பொருத்தமானதா என்பதை யாழ்ப்பாணத்துப் படைப்புகள் சிலவற்றைக் கொண்டு இங்கு நோக்குவோம்.

குடாநாட்டின் மாரியம்மன் கோயில்களில் நேர்த்திக்காக விடியவிடிய ஆடப்பெறும் காத்தவராயன் கூத்து இவ்வகையில் நமது கவனத்துக்குரியது. ஒரே காத்தானைப் பருவத்துக்கொருவராக நடிகர் பலர் ஆடுவர். ஆள் மாறினும் பாத்திரம் மாறுவதாகச் சபையோர் கருதுவதில்லை. காத்தான் வீரன், தாய்மீது பற்றுடையவன். அதேவேளை அவன் செருக்கன். தாயின் சொல்லை மீறுபவன். மாயத்தாலும் மாறுவேடத்தாலும் காரியஞ் சாதிப்பவன். அவன் ஆரியமாலையை விரும்புவது சாதி வரம்பைக் கடப்பதாகும். அதற்கான தண்டனை கழுமரம்.

காத்தானின் வஞ்சனையை அவனது வீரத்தோடு தராசிலிட்டு நிறுப்பதால் அவனை விளங்கிக்கொள்ள முடியாது. நேர்வழியில் அக்கிரகாரத்துள் நுழைய அவனுக்கு உரிமையில்லை. ஆதலாலேயே மாறுவேடம் அவனுக்கு வேண்டியதாகின்றது. அவனது குற்றமும் ஆற்றலும் ஒரே சமூக உறவிலிருந்து பிறப்பவை. ஒன்றை நீக்கின் மற்றதும் நில்லாது. காத்தான் கழுவேறும் கட்டத்திற் சபையோர் கண்கலங்குவதன் காரணம் இதுவே எனலாம்.

எனினும் இக்கூத்தின் எல்லைகளையும் நாம் மறைத்தலாகாது. காத்தானைத் தெய்வப் பிறப்பினனாக்குவதன் மூலம் அவனது மீறல் மீறலல்லாததாக ஆக்கப்படுகின்றது. சாதிக் கட்டுப்பாட்டைக் கேள்விக்குட்படுத்தவேண்டிய இடத்தில், நாயகனின் பிறப்பு திருத்தப்படுகின்றது. மேலும், ஆரியமாலையின் விருப்பம் இக்கதையிற் பெறும் இடம் மிகச் சிறிது. ஒடுக்கப்பட்ட ஆண் தன் உரிமைக்காகக் கைக்கொள்ளும் தந்திரம் ஒரு பெண்ணின்மீது செலுத்தப்படும் வன்மமாகவும் அமைகின்றது. இதனைக் குற்றமாகக் கூத்து உணரவில்லை. குணங்குற்றங்களை எண்ணுபவரின் கண்ணுக்கு எவை குற்றமாகத் தெரியும் என்பதும் சமூகத்தாலேயே நிர்ணயிக்கப்படுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, எமது முற்போக்குப் படைப்புகளுக்கு வருவோம். 1966 ஒக்டோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் ஈழத்து இலக்கியத்துக்குப் புதிய நாயகரை அளித்தன. என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' காத்தவராயன் கூத்துப் பாணியில் மேடையேறியது, கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தது. மக்களை அணிதிரட்டுவதில் இவை ஆற்றிய பணியை எவரும் மறுக்கவியலாது. ஆயினும் இக்காலப் படைப்புகள் பலவற்றில் ஒடுக்கப்பட்டோர் பழுதற்றவராகவும் ஒடுக்குவோர் முழுக் கொடியோராகவும் தோற்றுவதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அறுபதுகளின் தொடக்கத்தில் நிகழ்ந்த மரபு பற்றிய விவாதத்தில், அடிநிலை மக்களின் பேச்சும் வாழ்வும் இலக்கியத்துள் வருவதே இழிவெனப் பழிக்கப்பட்டது. அத்தகைய சூழலிலே தம் மக்களின் குறையை எழுதுவது எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகும் என எழுத்தாளர் அஞ்சியது இயல்பே. ஆனால் அவ்வச்சத்தை அழகியற் கொள்கையாக உயர்த்துதல் தவறு. மின்னா கௌட்ஸ்கிக்கு 1885இல் எழுதிய கடிதத்தில், அவரது நாவலின் நாயகன் அளவுமீறி நல்லவனாக இருப்பதையும் அவனது ஆளுமை கொள்கையினுட் கரைந்துபோவதையும் ஏங்கெல்ஸ் குறையாகச் சுட்டினார். 1888இல் மார்க்கரெட் ஹார்க்னஸுக்கு எழுதியபோது, தொழிலாளரைத் தமக்குத் தாமே உதவமாட்டாத செயலற்ற கூட்டமாகக் காட்டியதையும் அவர் ஏற்கவில்லை. இவ்விரு கூற்றுகளையும் சேர்த்தே நோக்கவேண்டும். நாயகனை மாசற்றவனாக்குவதும் மக்களை இயலாதோராக்குவதும் ஆகிய இரண்டுமே யதார்த்தத்திலிருந்து விலகுவனவாம்.

யாழ்ப்பாணத்திற் பஞ்சமர் எனப்பட்ட ஐந்து சாதியினரிடையேயும் உயர்வு தாழ்வு பேணப்பட்டது. ஒருவர் மற்றவரின் வீட்டில் உண்ண மறுத்ததும் உண்டு. இதனை எழுதுவது அம்மக்களைப் பழிப்பதாகாது. நிலவுடைமையாளர் குடிமைத் தொழில்களையும் அடிமைத் தொழில்களையும் படிநிலையிற் பகுத்து வைத்திருந்ததன் விளைவே அது. தேநீர்க்கடைப் பிரவேசத்திலே முன்னணியில் நின்ற ஒருவன், வீட்டிலே தனக்குக் கீழ்ப்பட்டவரெனக் கருதப்பட்டவருக்கு வேறு குவளை வைப்பானாயின், அதிலே ஒரு நாவலுக்குரிய முரண்பாடு அடங்கியுள்ளது. அவன் குவளையை மாற்றும் நாளும், போராட்டத்தினூடாக அவன் மாறும் வழியும் வாசகனுக்குக் காட்டப்படவேண்டும். மாசற்றவனாகவே தோன்றும் நாயகனுக்கு இத்தகைய வளர்ச்சி இல்லை. ஆகவே அவனிடமிருந்து வாசகன் கற்றுக்கொள்வதற்கும் அதிகமில்லை.

எதிர்ப்பாத்திரங்களுக்கும் இது பொருந்தும். கோயிற் கதவைச் சாத்தும் உடையார், வீட்டில் அன்பான தந்தையாகவும் ஊரிற் கொடையாளியாகவும் இருக்கலாம். அவ்வன்பைச் சலுகையாகச் சேர்ப்பதிற் பயனில்லை. நல்ல மனிதரையும் கதவைச் சாத்தவைக்கும் அமைப்பின் வலிமையை அதன்மூலம் புலப்படுத்தும்போதே அது கலையாகின்றது.

ஆகவே பாத்திரத்தின் குணமும் குற்றமும் எவ்வுறவுகளிலிருந்து பிறந்தன, எந்நிகழ்ச்சியால் மாறுகின்றன என்பவற்றையே விமர்சகர் முதலில் ஆராய்தல் வேண்டும். தம் மக்களை முழு மனிதராக எழுதும் துணிவு முற்போக்கு எழுத்தாளருக்கு இன்றும் தேவைப்படுகின்றது. அத்துணிவுக்கு ஆதரவாக நிற்பது எம்போன்ற விமர்சகரின் கடமையாகும்.