ஏறடா தம்பி, இறுக்கிப் பிடி!

மாட்டுவண்டிச் சவாரியைத் திடலோரத்தில் நின்று பார்ப்பது வேறு, வண்டிலில் ஏறிப் பார்ப்பது வேறு. ஏறிப் பார்த்தவன் சொல்கிறேன், கேளுங்கோ!

காலபோக அறுவடை முடிந்த முரசுமோட்டையை நினைச்சுப் பாருங்கோ. இரணைமடுத் தண்ணி பாய்ந்த வயலெல்லாம் ஒட்டோடு காய்ந்து கிடக்குது, வெயில் சரியுது, வாய்க்கால் ஓரத்துக் கிரவல் பாதையில் பயிற்சிக்கு ஒரு சோடி பூட்டி நிக்குது. இரண்டும் இளம் நாம்பன்கள். "ஏறடா தம்பி, இறுக்கிப் பிடி" என்கிறார் அயல்வீட்டு அண்ணை. ஏறினேன்!

அவர் நாணயக் கயிற்றைத் தளர்த்தி "ஏய்" என்று ஒரு சத்தம் வைத்தார், அவ்வளவுதான், துலா மேலே எழும்புது, பலகை முதுகெலும்பை உலுப்புது, சலங்கை காதுக்குள்ளே கொட்டுது, புழுதி வாயெல்லாம் கரிக்குது, இடத்தன் ஒரு எட்டு முந்தினால் வண்டில் வலப்பக்கம் இழுபடுது, வலத்தன் எட்டிப் பிடிக்க நேராகுது, பிறகு ஒரு கணம், ஒரே ஒரு கணம், எட்டுக் குளம்பும் ஒரே தாளத்தில் விழ வண்டில் பறக்குது, கண்டியளோ, நான் வாய்விட்டுக் கத்துறன், சிரிக்கிறன், கண்ணிலே தண்ணி, இறங்கச் சொன்னாலும் இறங்க மனமில்லை, "இன்னொருக்கா அண்ணை, இன்னொருக்கா" என்று சின்னப் பிள்ளைபோல் கெஞ்சினேன்! அன்றிரவு நித்திரை வரவேயில்லை.

சாலியபுரவில் கஜபா சுப்பர் குரொஸ் மோட்டார்ப் பந்தயம் பார்த்தவன்தான் நான். மண் தெறிக்கக் கார்கள் வளைவதும் அழகுதான், ஆனால் அந்தக் காருக்குக் காசு? எங்கட சவாரிக்கு வீட்டுப் பட்டியில் நல்ல நாம்பன் இரண்டு இருந்தால் தொடங்கலாம். மாட்டின் தரம் பார்த்து ஏ, பி, சி, டி என்று பிரிவு பிரித்து விடுவார்கள், புதுச் சோடிக்கும் ஒரு இடம் இருக்கு. தமிழ்நாட்டில், கொங்கு நாட்டு ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயக்காரருக்கு இந்த வெறி விளங்கும், அவர்கள் 200 மீற்றர், 300 மீற்றர் என்று ஓட்டுகிறவர்கள், 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம் நிறுத்தியதை 2017 சட்டத் திருத்தத்தோடு மீட்டவர்கள்!

எங்கட பக்கம் மீட்டது வேறு கதை. 2009 தையில் போருக்குப் பயந்து பட்டியை அவிழ்த்துவிட்டு ஓடிய ஊர் இது. திரும்பி வந்து, கன்று வாங்கி, வளர்த்து, பழக்கி, மறுபடி சோடி பூட்டின மனிசரை நினைத்தால் நெஞ்சு நிறையுது. ஆனால் ஒன்று, சவாரியில் துவரங்கேட்டி அடி மாட்டின் முதுகில் கொஞ்சம் கூடத்தான் விழுது, அது குறையவேணும், குறையும்.

சித்திரைச் சவாரிக்கு வாங்கோ! வெள்ளாப்பிலேயே வாங்கோ, ஏ பிரிவுக்காகக் காத்திருக்காதேங்கோ. முதல்முறை ஓடுகிற டி பிரிவுச் சோடியும், கயிற்றைப் பிடித்தபடி நடுங்குகிற புதுச் சாரதியும், பின்னாலே கத்திக்கொண்டு ஓடுகிற அவன்ட ஊரும், அதைத்தான் பார்க்கவேணும்! அடுத்த முறை அந்த வண்டிலில் நிற்கப்போவது நான், நாம்பன் பார்த்தாச்சு!