வளைவுக்கு வளைவு

சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கியதும் இரவோடிரவாக வேன் பிடித்துவிடுகிறார்கள். உச்சியில் நின்று சூரியோதயம் பார்க்கிற அவசரம். டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா மூன்றும் அவர்கள் தூக்கத்திலேயே கடந்துபோகிற ஊர்கள். இதே பாதையைப் பகலில், வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு போகிறவருக்குக் கிடைப்பது வேறு. அதுவும் மழை பொய்த்துக் காய்கிற மாசி, பங்குனியில் போகவேண்டும். காரணம் மஸ்கெலியாவில் இருக்கிறது. அங்கே போனதும் சொல்கிறேன்.

டிக்கோயாவைத் தாண்டியதும், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி, தேயிலைச் சரிவில் நிற்கிறது வார்லி தேவாலயம். 1878இல் கட்டியது. சுற்றிலும் தோட்டத் துரைமாரின் கல்லறைகள். எழுத்துகளைப் பாசி மூடியிருக்கும். உச்சிவெயிலில் போனால் வெறும் கல்தான் தெரியும். காலை வெயில் சாய்வாக விழுகிறபோது ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தங்கும். அப்போது பெயரும் வருடமும் தானாக எழுந்து வரும். சிலர் முப்பதைத் தாண்டாதவர்கள்.

காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களுக்கு இப்படிக் கல்லில் பெயர் வெட்டி வைத்தவர் இல்லை. ஆனால் அவர்கள் வைத்துவிட்டுப் போனவை இந்த வீதி முழுக்க இருக்கின்றன. மலைக்கு மலை, ஏதாவது ஒரு மரத்தடியில் ஒரு சாமி. சிலை வேண்டுமென்பதில்லை. ஒரு கல், அதன்மேல் மஞ்சளும் குங்குமமும், பக்கத்தில் துருவேறிய சூலம். முனியாண்டியும் மாடசாமியும் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து அவர்களோடு கூடவே வந்தவர்கள். நான் தேடித் தேடிப் பார்ப்பது இங்கே வந்த பிறகு பிறந்த சாமிகளை.

கவ்வாத்துக் காலம் தொடங்குமுன் கும்பிடுவது கவ்வாத்துச் சாமியை. வளர்ந்த தேயிலையைத் தாழ வெட்டி இறக்குகிற வேலை அது. கத்தி ஒரே வீச்சில் கிளையைச் சீவும். குறி தவறினால் காலைச் சீவும். கத்தியைச் சாமி முன் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் முதல் வெட்டு. ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, இன்னொருவர் இருக்கிறார், ரோதைமுனி. சுழல்கிற சக்கரத்திலும் ஓடுகிற பெல்ட்டிலும் கை சிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. பெல்ஃபாஸ்டில் செய்த தேயிலை இயந்திரங்கள் கப்பலேறி வந்து இந்த மலைகளில் இறங்கின. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் அந்த இரும்புக்குள் ஒரு முனியைக் குடியேற்றி, தம் விரல்களை அவரிடம் ஒப்படைத்தார்கள். மலைநாட்டில் நான் கண்டவற்றில் இதைவிட நுட்பமான கற்பனை வேறொன்றில்லை.

இனி மஸ்கெலியா. 1969இல் மவுசாக்கலை அணை வந்தபோது பழைய நகரம் தண்ணீருக்குள் போய்விட்டது. கடைவீதி, கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம். மக்கள் மேட்டில் புது நகரம் கண்டார்கள். வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய ஊர் மெல்ல வெளியே வரும். கோயிலின் எஞ்சிய சுவர்கள் தெரிகின்றன என்று சேதி பரவியதும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து சனம் குடும்பத்தோடு இறங்கிவிடும்.

அங்கே கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியது அந்தச் சுவர்களை. வண்டல் மெல்லிய படலமாகப் படிந்து, காய்ந்து, ஓரங்கள் சுருண்டு நிற்கும். விரல் பட்டதும் உதிரும். சுவரில் தண்ணீர் இறங்கி இறங்கி நின்ற அடையாளமாக வரி வரியாகக் கோடுகள். அவற்றுக்கு நடுவே, அன்று காலைதான் யாரோ ஏற்றிய கற்பூரத்தின் கரி.

பக்கத்தில் ஒரு பெரியவர் பேரனுக்குக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். “அந்தா, அங்கனதாண்டா பஜாரு. தீவாளிக்கு எங்கப்பாரு எனக்கு அங்கதான் சட்டை எடுத்துக் குடுத்தாரு.”

“தண்ணி இருக்கப்ப கடைக்குள்ள மீன் போகுமா தாத்தா?”

“போகும்டா, போகும்” என்றார் அவர், கடையிருந்த திசையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

ஹட்டனுக்குத் திரும்பி நுவரெலியா வீதியில் ஏறினால் கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையில் டெவன், சென் கிளயர் அருவிகள். அங்கே ஸ்கொட்லாந்துக் கோட்டை வடிவில் ஒரு தேநீர் மாளிகையும் உண்டு. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஒரு தேநீரோடு புறப்பட்டுவிடலாம். நுவரெலியாவில் 1894இல் கட்டிய தபால் கந்தோர் வேறு ரகம். செங்கல், செங்குத்தான கூரை, மணிக்கூட்டுக் கோபுரம் என்று வாசலில் நின்று படமெடுக்கிறவர்கள்தான் அதிகம். உள்ளே போய் முத்திரை வாங்கி ஒட்டி, வீட்டுக்கு ஒரு தபாலட்டை போடவேண்டும். 2023இல் அதை ஹோட்டலுக்குக் கொடுக்கிற யோசனையை எதிர்த்துத் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் செய்தது சரி. கடிதம் போய்வந்தால்தான் அந்தச் செங்கலுக்கு உயிர்.

அங்கிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும்போது லபுக்கலையில், தேயிலைக்கு நடுவே, மலைச்சரிவில் நிறுத்திய ராட்சத வெள்ளை எழுத்துகள் கண்ணில் படும். முன்பு மெக்வூட்ஸ் என்றிருந்தது, இப்போது டம்றோ. கைமாறிய தோட்டத்தின் கதை தூரத்திலிருந்தே வாசிக்கக் கிடைக்கிறது.

அந்த இறக்கத்தின் வளைவுகளில்தான் பூக்காரப் பையன்கள் நிற்பார்கள். டேலியாவும் மலைப்பூக்களும் ஈரத்தோடு கட்டிய கொத்து கையில். முதல் வளைவில் வண்டி நிற்காமல் போனால், தேயிலைக்கு ஊடாகக் குறுக்குப் பாதையில் விழுந்தடித்து இறங்கி, வண்டி அடுத்த வளைவுக்கு வருமுன் அவன் அங்கே நிற்கிறான். அதே பையன், அதே கொத்து, அதே சிரிப்பு. விலை மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அடுத்த வளைவிலும் அவன்தான். ஊசிவளைவைச் சுற்றிச் சுற்றி வண்டி கடக்கிற தூரத்தை நேர்கோடாக வெட்டி இறங்குகிற அந்தக் கால்களின் கணக்கு ஒருபோதும் பிழைப்பதில்லை. எந்தப் பாத்தியில் கால் வைக்கலாம், எந்தக் கானைத் தாண்டலாம் என்பது அவனுக்குப் பார்க்காமலே தெரியும். வேனுக்குள் இருப்பவர்கள் கைதட்டிச் சிரிக்கிறார்கள். விலை இன்னும் இறங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். அந்த ஓட்டத்தின் அழகு எனக்கும் தெரியும். ஆனாலும் நான் முதல் வளைவிலேயே நிறுத்தி, சொன்ன விலைக்கு வாங்கிவிடுவேன்.